மேல்தாடை லத்தீன், கீழ்த்தாடை பழைய ஆங்கிலம்

பல் தயாராகத்தான் இருந்தது. ரெஃப்ரி அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். அரசு பல் மருத்துவமனையின் கண்ணாடி அலமாரியில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள், தண்ணீரில் மூழ்கியபடி அது அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"பல் ரெடிண்ணே," என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். "லேபிள்தான் ரெடியில்ல."

"லேபிள் ஒட்டித்தானேம்மா இருக்கு?"

"ஒட்டியிருக்கு. அதுல 'பல் செட்'டுன்னு எழுதியிருக்கே, அதான் சிக்கல். புது உத்தரவு. அரசாங்கப் பொருள் மேல வெளிநாட்டுச் சொல் எழுதியிருந்தா, அது எங்க பிறந்துச்சு, என்ன அர்த்தம்னு சொற்பிறப்பு ஆணையம் சான்று தரணும். அப்புறம்தான் பொருள் வெளிய போகும்."

"அதை அடிச்சிட்டுப் பொய்ப்பல்னு போடேன்."

"நல்லா இருக்கே! அரசாங்க ஆஸ்பத்திரி பொய் குடுக்குதுன்னு எவன் கையெழுத்துப் போடுவான்? பெரிய டாக்டரே பேனாவை மூடி வெச்சிட்டாரு."

"செயற்கைப் பல்?"

"அது ஒத்தைப் பல்லுக்கு. வேணும்னா ஒன்னே ஒன்னு தர்றேன், வாங்கிட்டுப் போறீங்களா?"

ரெஃப்ரிக்கு ஒரு பல் போதாது. ஏன் போதாது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விசில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். உதட்டால் மட்டும் பிடித்து ஊதினால் காற்று பாதி வெளியே கசிந்துவிடும், விசில் ஆடும், வருவது சத்தமல்ல, பெருமூச்சு. விசிலின் வாய்ப்பகுதியில் மேலும் கீழும் சின்ன வரம்பு ஒன்று இருக்கும். மேல்பல் ஒன்றிலும் கீழ்ப்பல் ஒன்றிலும் மாட்டிக்கொள்வதற்காகவே அது இருக்கிறது. பற்கள் விசிலைப் பிடித்துக்கொள்ள, உதடு காற்றை அடைக்க, நாக்கு சட்டென்று பின்வாங்க, உள்ளே போன காற்று கூர்மையான விளிம்பில் மோதி இரண்டாகப் பிளந்து நடுங்குகிறது. அந்த நடுக்கம்தான் மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனையும் நிறுத்துகிறது. பல் இல்லாத ரெஃப்ரி கைதட்டித்தான் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கைதட்டினால் ஆட்டக்காரர்கள் பாராட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நகரக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். மழையிலும் சேற்றிலும் லீக் ஆட்டங்களாக நடத்தியே தலை நரைத்துப்போன ரெஃப்ரிக்கு முதல்முறையாக ஓர் இறுதி ஆட்டம் கிடைத்திருந்தது. இனி ஒன்று கிடைக்க அவருடைய முழங்கால் சம்மதிக்காது. அவரால் முடியாவிட்டால் மாற்று ரெஃப்ரி தயாராக இருந்தான். அவன் வேறு யாருமல்ல, மனைவியின் தம்பி. தினமும் காலையில் அக்கறையோடு போன் செய்தான்.

"மாமா, பல் வந்துச்சா?"

"வரும்டா."

"அவசரமே இல்ல மாமா. நிதானமா வரட்டும். நான் சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன். சும்மாத்தான்."

மறுநாள் ரெஃப்ரி சொற்பிறப்பு ஆணையத்துக்குப் போனார். (பல் இல்லாத வாயிலிருந்து அவருடைய சொற்கள் பாதிக் காற்றோடுதான் வெளியே வந்தன. படிப்பவர்களின் வசதிக்காக இங்கே அவை சீராக்கப்பட்டிருக்கின்றன.)

ஆணையம் எடுத்துக்கொண்ட முதல் சொல்லே 'செட்'தான். இங்கிலீஷில் மூன்றெழுத்து, தமிழில் எழுதினால் இரண்டு. சின்னச் சொல், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தார்கள். அப்படி ஆரம்பித்தவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். ஆணையத்தின் விதிப்படி ஒரு சொல்லை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. ஆகையால் அந்தப் பெரிய கட்டடமும், அதன் இரண்டு மாடிப்படிகளும், மாடிப்படிகளில் ஏறி இறங்கும் அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

நீண்ட நடைக்கூடத்தின் இருபுறமும் சான்றுப் பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. கண்ணால் பார்க்காத பொருளுக்கு ஆணையம் தீர்ப்புச் சொல்வதில்லை. அது அவர்களுடைய பெருமைமிகு வழக்கம். அதனால் ஒரு டீ செட் இருந்தது. ரேடியோ செட் இருந்தது. செஸ் செட், ஸ்பானர் செட், பம்ப்செட் எல்லாம் இருந்தன. ஒரு சட்டியில் சிமென்ட் இறுகிக் கிடந்தது. ஒரு கிண்ணத்தில் ஜெல்லி இருந்தது. அது செட் ஆகிவிட்டதா இல்லையா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருந்ததால் யாரும் அதைத் தொடவில்லை. அதுவும் யாரையும் தொந்தரவு செய்யாமல் மெல்லப் பச்சை நிறமாகிக்கொண்டிருந்தது. நிலத்தில் வளை தோண்டி வாழும் ஒரு பிராணியின் பொந்துக்கும் இங்கிலீஷில் அதே பெயர் உண்டாம். அதற்காக ஒரு மூலையில் தரையைத் தோண்டி வைத்திருந்தார்கள். பிராணிக்கான நியமன உத்தரவுதான் இன்னும் வரவில்லை.

நடைக்கூடத்தின் கோடியில் 'விசாரணை' என்று எழுதிய கதவு இருந்தது. ரெஃப்ரி தட்டினார். பதில் இல்லை. தள்ளினார். அசையவில்லை. தோளால் முட்டினார்.

"சார், சார்! அது சினிமா செட்டு," என்று ஓடிவந்தார் ஓர் ஊழியர். "வெறும் அட்டை. கதவு இந்தப் பக்கம்."

"மேல 'விசாரணை'ன்னு எழுதியிருக்கே?"

"செட்டுன்னா தத்ரூபமா இருக்கணும்ல சார். போன வாரம் ஒருத்தர் சாயங்காலம் வரைக்கும் அதுக்கு முன்னால வரிசையில நின்னுட்டுப் போனாரு. திருப்தியாத்தான் போனாரு."

இடது மாடிப்படி ஏறினால் லத்தீன் பிரிவு. அதன் தலைவர் ரெஃப்ரியை உட்காரச் சொல்லி, ஒரு குழந்தைக்குக் கதை சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"ரொம்ப சிம்பிள். லத்தீன்ல 'செக்டா'ன்னு ஒரு சொல். ஒரு தலைவன் பின்னால போற கூட்டம்னு அர்த்தம். அது பிரெஞ்சுக்காரன் வாயில விழுந்து 'செட்' ஆச்சு. டீ செட், செஸ் செட், பல் செட், எல்லாமே கூட்டம்தான். இப்ப சொல்லுங்க, உங்க பல்லெல்லாம் ஒரு தலைவனைப் பின்பற்றிப் போகுமா?"

"என் பின்னால வீட்டுக்கு வந்தாப் போதும் சார்."

"அப்ப தலைவன் நீங்களா?" அவர் குறித்துக்கொண்டார். "நல்ல தகவல். பத்திரமா வெச்சுக்கறோம். ஆனா பாருங்க, வலது மாடியில ஒரு அம்மா இருக்காங்க. அவங்க ஒத்துக்க மாட்டாங்க. போய்ப் பாருங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வலது மாடிப்படி ஏறினால் பழைய ஆங்கிலப் பிரிவு. தலைவி அம்மையார் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"இடது பக்கம் போயிட்டு வர்றீங்க."

"எப்படி மேடம்?"

"முகத்துல ஒரு குழப்பம் தெரியுது. கூட்டமாவது கத்திரிக்காயாவது! 'செட்டன்'னு பழைய ஆங்கிலச் சொல். உட்கார வைக்கறதுன்னு அர்த்தம். சிமென்ட் உட்காருது, ஜெல்லி உட்காருது, மோதிரத்துல கல் உட்காருது. பல் எதுல உட்காருது?"

"இப்போதைக்கு ஆஸ்பத்திரி அலமாரியில மேடம்."

"ஈறுலங்க! ஈறுல உட்காருது! அதனாலதான் செட்டு. நாலு பல்லு சேர்ந்து ஊர்வலம் போறதால இல்ல."

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருவர் சொன்னதும் உண்மை. வெவ்வேறு மலையில் பிறந்த இரண்டு ஓடைகள் ஒரே பள்ளத்தில் வந்து கலந்ததுபோல, கூட்டம் என்ற சொல்லும் உட்கார வைத்தல் என்ற சொல்லும் இங்கிலீஷில் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. கலந்த தண்ணீரில் எந்தச் சொட்டு எந்த மலையுடையது என்று கேட்பது வீண். பல் செட்டைச் செய்கிறவருக்கு அந்தக் கேள்வியே வராது. முதலில் மெழுகில் பற்களை வரிசையாக நிறுத்துவார்; அப்போது அது கூட்டம். பிறகு அந்த மெழுகைச் சுற்றி பாரிஸ் சாந்தால் அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் ஈறு நிறப் பிசினை நிரப்பி வேகவைப்பார். அப்போது பல் அதில் உட்கார்ந்துவிடும். இரண்டும் நடந்தால்தான் கடிக்க முடியும்.

ஆனால் 'இரண்டும் சரி' என்று எழுத ஆணையத்தில் வழி இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பிறப்பு, ஒரு பிறப்புக்கு ஒரு பிரிவு, ஒரு பிரிவுக்கு ஒரு டீ கெட்டில் என்று எப்போதோ ஒதுக்கீடு ஆகிவிட்டது. இரண்டு பிறப்பையும் ஒப்புக்கொண்டால் இரண்டு பிரிவு எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதில் மட்டும் இடதும் வலதும் ஒற்றுமையாக இருந்தன.

வியாழக்கிழமை முழு அமர்வு கூடியது. ரெஃப்ரியின் பல் செட் மருத்துவமனையிலிருந்து காவலோடு வந்து, நீல வெல்வெட் துணியின் மேல், மேசை நடுவே வைக்கப்பட்டிருந்தது. ரெஃப்ரி அதற்கு எதிரே உட்கார்ந்தார். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் இடையில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள்.

ஆணையத் தலைவர் எழுந்தார்.

"பெருமக்களே! இந்த ஆணையம் இன்றுவரை ஒரு தவறான சான்றிதழைக்கூட வழங்கியதில்லை." கைதட்டல். "சரியான சான்றிதழும் வழங்கியதில்லை என்று சில விஷமிகள் சொல்லக்கூடும். வழங்காத சான்றிதழில் பிழை கண்டுபிடிக்க அவர்களால் முடியுமா?" பலத்த கைதட்டல். "வேகம் என்பது தெரியாதவர்களின் குணம். தெரிந்தவர்கள் தயங்குகிறோம். நன்றாகத் தெரிந்தவர்கள் நன்றாகத் தயங்குகிறோம். நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்முதல் தயங்கிக்கொண்டிருக்கிறேன்!"

கைதட்டல் ஓய்ந்ததும் இடதும் வலதும் மோதின. கூட்டம் என்றார் ஒருவர். இருக்கை என்றார் மற்றவர். டீ இடைவேளையில் இரு தரப்பும் தனித்தனிக் கெட்டிலில் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி மோதின. கடைசியில் தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"பொருள் இரண்டு துண்டாகத்தானே இருக்கிறது? மேல்தாடையை ஒரு பிரிவும் கீழ்த்தாடையை மற்றொரு பிரிவும் எடுத்துக்கொண்டு தனித்தனியே ஆராயட்டும்."

"அப்ப மேல்தாடை எங்களுக்கு," என்றார் லத்தீன் பிரிவுத் தலைவர்.

"அதெப்படி? மேல்தாடை எங்களுக்கு," என்றார் அம்மையார். "கீழ எங்களால இருக்க முடியாது."

மறுபடி கூச்சல். இரண்டு தரப்பு, ஒரே பக்கத்துக்குச் சண்டை. ரெஃப்ரியின் உடம்பில் ஏதோ விழித்துக்கொண்டது. வாழ்நாள் முழுக்க இந்தச் சண்டையைத்தான் அவர் தீர்த்துவைத்திருக்கிறார். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றார். பையிலிருந்து காசை எடுத்தார்.

"தலையா பூவா? மேடம், நீங்க சொல்லுங்க."

"பூ," என்றார் அம்மையார்.

காசு மேலே போய்ச் சுழன்று வந்தது. தலை.

"லத்தீனுக்கு மேல்தாடை. கைகுலுக்கிக்கோங்க," என்றார் ரெஃப்ரி. அவர்கள் கைகுலுக்கினார்கள். அந்தக் கட்டடத்தில் இடதும் வலதும் கைகுலுக்கியது அதுதான் முதல்முறை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெஃப்ரிக்குப் பெருமையாக இருந்தது. மேல்தாடை இடது மாடிப்படியிலும் கீழ்த்தாடை வலது மாடிப்படியிலும் ஏறிப் போவதைப் பார்க்கும்வரை இருந்தது.

வீட்டில் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"உங்க பல்லுக்கு நீங்களே டாஸ் போட்டீங்களா?"

"சண்டை போட்டாங்களேன்னு..."

"சண்டை போட்டா எழுந்து உங்க பல்லை நீங்க எடுத்திருக்கணும். ரெண்டு கட்சிக்கும் நியாயம் சொல்லிட்டு மூணாவது கட்சி தெருவுல நிக்குது. எந்த ஊர்லங்க இப்படி ஒரு மனுஷன்?"

போன் அடித்தது. "மாமா, கேள்விப்பட்டேன். மனசு விட்டுடாதீங்க. ஷூவுக்கு மட்டும் பாலீஷ் போட்டு வெச்சேன். சும்மாத்தான்."

வெள்ளிக்கிழமை அவர் ஆணையத் தலைவரின் காலில் விழாத குறையாக நின்றார். "ஞாயித்துக்கிழமை ஒருநாள் மட்டும் குடுங்க சார். ஊதிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

தலைவர் நிமிர்ந்தார். "ஊதுவீர்களா? அதை வைத்தா?"

"அதுக்குத்தானே சார் பல்லு."

தலைவர் பரபரப்பாக மணியடித்தார். பொருளை நேரில் பார்ப்பதைவிட உயர்ந்த வழக்கம் ஒன்று ஆணையத்தில் உண்டு: பொருளைப் பயன்பாட்டில் பார்ப்பது. சொல்லின் அர்த்தம் வழக்கில் இருக்கிறது, அலமாரியில் இல்லை என்பது ஆணையம் தொடங்கிய நாளில் வாசலில் பொறிக்கப்பட்ட வாசகம். சான்றுப் பொருள்களை யாரும் பயன்படுத்த முன்வராததால் இதுவரை அந்த விதிக்கு வேலை வரவில்லை. இடதும் வலதும் உடனே சம்மதித்தன. தன் பாதியை மற்றவர் கண்பார்வையில் தனியாக விட இருவருக்குமே மனமில்லாததால், இருவருமே மைதானத்துக்கு வருவதாக முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆட்டம் தொடங்கச் சற்று முன்பு, உடைமாற்றும் அறையில் இரண்டு வெல்வெட் பெட்டிகள் திறக்கப்பட்டன. இடமிருந்து மேல்தாடை வந்தது. வலமிருந்து கீழ்த்தாடை வந்தது. ரெஃப்ரி வாயை மூடினார். இரண்டும் சந்தித்து, ஒரு சின்ன 'டக்'கோடு பொருந்தின. அவர் கண்ணாடியில் பார்த்தார். கன்னம் மேடேறி, முகம் பழைய முகமாகியிருந்தது. வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்ற மச்சான், "ரொம்பச் சந்தோஷம் மாமா," என்றான். அதைச் சொல்ல அவன் பட்ட பாடு தனிக் கதை.

விசில் ஒலித்தது. அரங்கின் கடைசிப் படியில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

பிரிவுத் தலைவர்கள் இருவரும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, ஆளுக்கொரு பைனாகுலரோடு ரெஃப்ரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாதி நல்லபடியாகப் போனது. இரண்டாம் பாதியின் கடைசியில், இரண்டு அணியும் சமமாக இருக்கும்போது, கோல் கம்பத்துக்கு முன்னால் ஒருவன் காலை ஒருவன் தட்டிவிட்டான். ரெஃப்ரி ஓடிக்கொண்டே ஊதினார். நீண்ட, வெட்டுகிற மாதிரியான ஊதல். பெனால்டி.

"பாத்தீங்களா!" என்று கத்தினார் லத்தீன் தலைவர். "அத்தனை பல்லும் ஒன்னாச் சேர்ந்துல்ல ஊதுது! கூட்டம்!"

"அசையாம உட்கார்ந்ததாலதான் ஊதுச்சு!" என்றார் அம்மையார்.

"கிட்டப் போய்ப் பார்ப்போமா?"

"பார்ப்போமே!"

இருவரும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். பந்து புள்ளியில் இருந்தது. அடிப்பவன் ஓடிவரத் தயாராக நின்றான். அவனுக்கும் பந்துக்கும் நடுவில் இரண்டு அறிஞர்கள் ரெஃப்ரியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஆ காட்டுங்க," என்றார்கள்.

"மேல்தாடையைக் கழட்டுங்க, ஒரு நிமிஷம்!"

"கழட்டினா அது பயன்பாடு ஆகாது! கீழ மட்டும் அசைச்சுக் காட்டுங்க!"

ஆணையக் கட்டடத்தில் ரெஃப்ரி ஒரு மனுதாரர். ஆஸ்பத்திரியில் ஒரு டோக்கன் எண். வீட்டில் என்ன என்பது நாம் பார்த்ததுதான். ஆனால் மைதானத்தின் வெள்ளைக் கோடுகளுக்குள், ஆட்டம் முடியும்வரை, அவர்தான் ஆணையம். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். விசிலைப் பல்லில் கவ்வி ஊதினார். சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து லத்தீனுக்கு முன்னால் உயர்த்தினார். பிறகு பழைய ஆங்கிலத்துக்கு முன்னால் உயர்த்தினார். விதிப்படி சிவப்பு அட்டை ஆட்டக்காரர்களுக்கும் அணி அதிகாரிகளுக்கும் மட்டும்தான். இவர்கள் அதிகாரிகள் என்பதிலோ, இரண்டு அணி என்பதிலோ அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஊர்ச்சனம் எழுந்து நின்று ஆரவாரித்தது. இருவரும் பைனாகுலரோடு வெளிவாசல் வழியாகப் போனார்கள். போகும்போதும் ஒருவர் இடது பக்கக் கதவையும் மற்றவர் வலது பக்கக் கதவையும் பயன்படுத்தினார்கள். பெனால்டி கோலாயிற்று. ரெஃப்ரி கடைசி விசிலை ஊதினார்.

திங்கட்கிழமை காலை, வாயில் பல்லும் வயிற்றில் பயமுமாக அவர் ஆணையத்துக்குப் போனார். மனைவியும் கூட வந்தாள்.

"அவங்க கேட்டா உடனே வாயைத் திறந்துடாதீங்க," என்று எச்சரித்தாள். "டாஸும் போடாதீங்க."

அமர்வில் தலைவர் நீண்ட நேரம் தயங்கினார். பிறகு நிலைமையை விளக்கினார்.

"பயன்பாட்டுப் பார்வை நடுவில் நின்றுவிட்டது. நின்ற பார்வை முடிகிறவரை பொருளை இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தக்கூடாது என்பது விதி. நகர்த்தினால் பயன்பாடு கெடும். பார்வையைத் தொடர இரு தலைவர்களும் அதே மைதானத்துக்குப் போக வேண்டும். ஆனால் அவர்கள் வெளியேற்றப்பட்டவர்கள். கால்பந்துச் சங்கம் விசாரித்து விடுவிக்கும்வரை உள்ளே போக முடியாது. சங்கத்துக்கு எழுதினேன். பதில் வந்துவிட்டது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "விசாரிக்கத் தயார்தானாம். ஆனால் புது உத்தரவு அவர்களுக்கும் பொருந்தும். அட்டையின் மேல் 'ரெட் கார்டு' என்று இருக்கிறது. 'கார்டு' என்ற சொல்லுக்கு நாம் சான்று கொடுத்தால்தான் அவர்கள் விசாரணையைத் தொடங்க முடியுமாம்."

"குடுத்துடலாமே சார்," என்றார் ரெஃப்ரி.

"கொடுக்கலாம். 'செட்' முடிந்ததும் அதைத்தான் எடுக்கப்போகிறோம்."

லத்தீன் தலைவர் விரல்விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அம்மையாரும் எண்ணிப் பார்த்தார். பிறகு இருவர் முகத்திலும் மெதுவாக ஒரு நிம்மதி பரவியது. ஓய்வுபெறும் வரைக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை.

"ஆகவே," என்றார் தலைவர், "பொருள் தற்போது இருக்கிற வாயிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஆள் வந்து சரிபார்ப்பார்."

மனைவி ரெஃப்ரியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தெருமுனை தாண்டும்வரை இருவரும் நடையைத் தளர்த்தவில்லை.

இப்போதெல்லாம் மாதப் பிறப்பன்று ஆணையத்து ஊழியர் பையோடு வந்து வாசலில் நிற்பார்.

"சிரிங்க சார். பொருள் இருக்கான்னு பார்த்துக்கறேன்."

"'கார்டு' ஆரம்பிச்சுட்டாங்களாப்பா?" என்று கேட்பார் ரெஃப்ரி.

"அதெங்க சார், ஜெல்லியே இன்னும் முடியல."

ரெஃப்ரி சிரிப்பார். மேல்வரிசை, கீழ்வரிசை, கடவாய்ப்பல் வரைக்கும் தெரியும். ஊழியர் பார்த்து முடித்த பிறகும் சிரித்துக்கொண்டே இருப்பார்.